ஈரல் ஊசி

1

அயர்லாந்தைப் பற்றி எழுதச் சொன்னால் மழை, குளிர், உருளைக்கிழங்கு என்று எழுதுவேன். மூன்றையும் எழுதி எனக்கே சலித்துவிட்டது. உங்களுக்கும் சலித்திருக்கும். இந்தத் தடவை ஓர் ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. நடுநடுவே திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, துணி மாற்றுவது, அழுதால் பக்கத்தில் உட்காருவது எல்லாம் என் வேலை. ஊசி போடுவது நர்ஸ் ஷைனியின் வேலை. ஷைனி கோட்டயத்துக்காரி. தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் காலையில், ஒரு பாட்டிம்மாவுக்கு ஊசி போட என்னைக் கூப்பிட்டாள். நான் பாட்டிம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தேன். ஷைனி மருந்தை ஊசிக்குள் இழுத்தாள். மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பு.

"என்னது ஷைனி, ரத்தமா?"

"ரத்தமோ! இது பி ட்வெல்வ் அல்லே. அம்மச்சிக்கு வயிறு வழி கேறில்லா. அதுகொண்டு ஊசி."

வயிற்று வழியாக ஏறாது, அதனால் ஊசி. இதே வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். குடலில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த என் தம்பி அருள்ராஜ் ஃபோனில் சொன்னது: "செவப்பா ஒரு ஊசிக்கா. மாசா மாசம். சாவுற வரைக்கும் போடணுமாம்." அதற்குப் பிறகு அந்த ஊசியைப் பற்றி அவன் வாயைத் திறந்ததில்லை. நானும் கேட்கவில்லை. நல்லாயிருக்கியா, நல்லாயிருக்கேன், மழையா, மழைதான் என்றே எங்கள் ஃபோன்கள் முடிந்துபோகும்.

டீ இடைவேளையில் கூப்பிட்டேன். அங்கே மாலை. ஷிஃப்ட் முடிந்து வீட்டில் இருந்தான்.

"ஏலே அருளு, அந்தச் செவப்பு ஊசிய ஒழுங்கா போடுதியா?"

"ம்ம்."

"ம்ம்னா என்னலே?"

"போடுதேங்கா. இங்க பயங்கர மழை. ஒண்ணும் கேக்கல. பொறவு கூப்பிடுதேன்."

பிப்ரவரி மாசத்தில் தேவிகுளத்தில் பயங்கர மழையாம். யாருக்குக் காது குத்துகிறான்? என் தம்பி பொய் சொன்னால் எனக்கு அயர்லாந்து வரைக்கும் நாறும்.

2

அருள் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். தேவிகுளத்துக்குக் கீழே லயத்தில்தான் வீடு. வரிசை வீடு, ஒரே கூரை, ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். எனக்குக் கூடப் பிறந்தது அவன் ஒருத்தன்தான்.

இருபத்தைந்து வயதில் அவனுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. மூலம் என்றார் ஒரு டாக்டர். வயிற்றில் கிருமி என்றார் இன்னொருவர். குடலில் காசம் என்று சொல்லி அதற்கும் மாதக்கணக்கில் மாத்திரை தின்றான். பக்கத்து வீட்டுக்காரி செய்வினை என்றாள். ஆள் தேய்ந்துகொண்டே போனான். உதட்டோரம் வெடித்து, வாயெல்லாம் புண்ணாகி, முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து, கண்ணை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. சாப்பிடாமல் இல்லை. நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டது எங்கே போகிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் மெடிக்கல் காலேஜில்தான் பெயர் சொன்னார்கள். க்ரோன்ஸ் நோய். உடம்பே தன் குடலை ரணமாக்கிக்கொள்கிற வியாதி. கிருமியும் இல்லை, தொற்றும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை. ரணமான குடல் சத்தை உறிஞ்சாது. ரத்தம் கசிந்து இரும்புச் சத்து போகும். எலும்புக்கு வேண்டியது போகும், தோலுக்கு வேண்டியது போகும். பேர் கிடைத்ததே பெரிய நிம்மதியாக இருந்தது எங்களுக்கு. அந்த நிம்மதியும் கொஞ்ச நாள்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி அடைத்துக்கொண்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவன் ஒரு நேர்ச்சை வைத்தான். "மாதாவே, நான் உசுரோட மலையேறினா இனி ஆயுசுக்கும் கவிச்சி தொடமாட்டேன்." யார் சொன்னது இதை? எருமைப் போத்துக்கறியும் கப்பக்கிழங்கும் என்றால் உயிரை விடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் முன்பே மனசு கறிக்கடைக்குப் போய்விடும் அவனுக்கு. அப்படிப்பட்டவன் சொன்ன வாக்கு. பிழைத்தான். மலையேறினான். அதற்குப் பிறகு மீன் கழுவிய தண்ணீர்கூட அவன் பக்கம் வந்ததில்லை.

அப்போது டாக்டர் ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லியிருந்தார். வெட்டி எடுத்த அந்தத் துண்டுதான் பி ட்வெல்வ் என்கிற சத்து உடம்புக்குள் போகிற வாசல். வாசலே போய்விட்டதால் இனி கறி தின்றாலும் சரி, கீரை தின்றாலும் சரி, அது போதுமான அளவுக்கு உள்ளே ஏறாது. ஊசி ஒன்றுதான் வழி. அதை விட்டால் உடனே ஒன்றும் தெரியாது, உடம்பு சேர்த்து வைத்திருப்பதைக் கொஞ்ச காலம் தின்னும். தீர்ந்த பிறகு நரம்பில் கை வைக்கும்.

3

மழைப் பொய்க்கு மறுநாள் அருளின் மனைவி ஸ்டெல்லாவிடமிருந்து வாட்ஸாப்பில் குரல் பதிவு வந்தது. ரகசியக் குரல். பின்னால் பைப்பைத் திறந்துவிட்டிருந்தாள், அவன் காதில் விழக்கூடாதாம்.

"மைனி, நான் சொன்னேன்னு அவுககிட்ட சொல்லிராதிய. நேத்து ஒத்தச் செருப்போட வந்து நிக்காக. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா குனிஞ்சு காலப் பாக்காக. கழண்டு போனதே தெரியலங்காக மைனி. மூஞ்சி கழுவுறப்ப கண்ண மூடினா அப்படியே சாயுதாக. ஒரு கையால செவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் கழுவுதாக. ஃபேக்டரில இவுக குடிச்சிட்டு வாராகன்னு பேச்சு. எனக்குப் பயமா இருக்கு மைனி."

நான் அந்தப் பதிவை ஷைனிக்குப் போட்டுக் காட்டினேன். ஷைனிக்குத் தமிழ் புரியும். கேட்டுவிட்டு அவள் முகம் மாறியது. செருப்பு கழன்றது தெரியாமல் போவதும், கண்ணை மூடினால் சாய்வதும் பி ட்வெல்வ் இல்லாமல் நரம்பு கெட்டுப்போகிறதன் அடையாளமாக இருக்கலாம் என்றாள். சீக்கிரம் ஊசி போட்டால் திரும்பும். தள்ளிப்போனால் போனது போனதுதான். "ஒட்டும் வைகிக்கருது," என்று கையைப் பிடித்துச் சொன்னாள். கொஞ்சம்கூடத் தாமதிக்காதே என்று அர்த்தம்.

அருள் நிற்பது இலை அரைக்கிற மெஷின் பக்கத்தில். தரையெல்லாம் தேயிலைச் சாறு வழுக்கும். கால் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் அங்கே நின்றால் என்ன ஆகும்? 

அன்றைக்கே என் டாக்டரின் கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி ஆலோசனை கேட்கலாம் என்று பார்த்தேன். எடுத்தவளிடம் தம்பியின் கால் மரத்துப்போய்விட்டது என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் அதற்கான ஆங்கில வார்த்தை நாக்குக்கு வரவில்லை. தம்பியின் கால் மரமாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன். அந்தப் பெண் ரொம்பப் பொறுமையாக, மரக்கால் பொருத்துகிற இடம் வேறு என்று சொல்லி ஒரு நம்பர் கொடுத்தாள். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டி என்ன பிரயோசனம், சொல்லுங்கள்.

4

நேரே போய் அவன் காதைத் திருகி டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் போக முடியாது. இங்கே தங்குவதற்கான அட்டை காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்று. வந்து சேருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது சந்தேகம். அந்த ஆபீஸுக்கு ஃபோன் போட்டால் பாட்டுப் பாடும். மெயில் போட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று மெஷின் பதில் போடும். அதிலும் என்னை மிஸஸ் சவரிமுத்து என்று விளிக்கும். சவரிமுத்து என் அப்பா. பாஸ்போர்ட்டில் கடைசியில் அவர் பெயர் இருப்பதால் என்னை என் அப்பாவுக்கே பெண்டாட்டி ஆக்கிவிட்டார்கள். அம்மா இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

வேலைக்குப் போவேன், வருவேன், ஃபோனைப் பார்ப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும். யாருக்காவது சாக்ஸ் போட்டுவிடும்போது விரலை ஒரு முறை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பேன். அந்தக் கிழவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. தொண்ணூறு வயதுக்காரர்களுக்குத் தெரிகிறது, நாற்பது தாண்டாத என் தம்பிக்குத் தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது.

என் வீட்டுக்காரர் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துப் பிள்ளை. இங்கே லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி ரோட்டில்தான். வீட்டில் நானும் என் மகள் ரேச்சலும்தான். பதினாறு வயது. தமிழில் சரி, போதும், ஐயோ என்று மூன்று வார்த்தை சரளமாக வரும். மற்றதெல்லாம் கேட்டால் புரியும், பேச வராது. இரண்டு வருஷமாக அவள் வீகன். கறி, மீன், முட்டை, பால், தேன் எதுவும் கிடையாது. மிருகங்களுக்காகவாம். நான் நெத்திலிக் கருவாடு வறுத்தால் ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, வெளியே மழையில் போய் நிற்பாள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி. "ஒங்க மாமா நேர்ச்சைக்காக விட்டான், நீ ஆட்டுக்குட்டிக்காக விடுற, நான் ஒருத்திதான் இந்தக் குடும்பத்துல மனுஷி," என்று கத்தியிருக்கிறேன். பிள்ளை என்னைவிட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்பது என் பயம். அது கருவாட்டு விஷயத்தில் வெடிக்கும்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பிடித்தேன். பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"காலக் காட்டு."

"எதுக்குக்கா?"

"காட்டுலேன்னா காட்டு."

காட்டினான். வலது காலின் மேல்பக்கம் ஒரு சுட்ட புண், பொக்குளம் உடைந்து ஈரமாக இருந்தது. எப்போது பட்டது என்று கேட்டால் முழிக்கிறான். ஃபேக்டரியில் டிரையர் பக்கம் நின்றபோது பட்டிருக்கலாமாம். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அப்போதுதான் பார்க்கிறாள்.

"கடைசியா எப்பலே ஊசி போட்ட?"

காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அருளு, அக்கா கேக்கேன்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் மெதுவாக வந்தது. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி. ஊருக்கு வந்த பிறகு முதல் ஊசிக்கு எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறான். அங்கே பழைய கம்பவுண்டர் ஒருவர், ரிட்டயர் ஆனவர், சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். இவன் கையில் இருந்த சிவப்புக் குப்பியைப் பார்த்துவிட்டு, "அட, ஈரல் ஊசியால்லா இது!" என்றிருக்கிறார். இவன் அப்படியே திரும்பி வந்துவிட்டான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. லயத்தில் வளர்ந்த யாருக்கும் விளங்கும். எங்கள் சின்ன வயதில் ரத்தம் குறைந்த பெண்களுக்கெல்லாம் டிஸ்பென்சரியில் போடுவது ஈரல் ஊசிதான். மாட்டு ஈரலின் சத்தை எடுத்துச் செய்தது என்று சொல்லித்தான் குத்துவார்கள். அந்தக் காலத்தில் அது உண்மையும்கூட. பெரியவர் பொய் சொல்லவில்லை. பழைய பேரைப் புது ஊசிக்கு வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

"ஏலே கூறுகெட்டவனே, தின்னாத்தானே கவிச்சி? குத்துனா எப்படிலே கவிச்சியாகும்?"

"வாய் வழியா போனா என்ன, இடுப்பு வழியா போனா என்னக்கா? ஒடம்புக்குள்ளதான போகுது. மாதாவுக்குத் தெரியாதா?"

"டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா போடச் சொல்லுவாரு."

பார்த்தீர்களா அவன் மூளையை? என் சத்தத்தைக் கேட்டு ரேச்சல் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். பி ட்வெல்வ் என்று நான் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் தினமும் அதைத்தான் மாத்திரையாகப் போட்டுக்கொள்கிறாளாம். கறி, பால் தின்னாதவர்களுக்கு அது கட்டாயமாம். எனக்குத் தெரியவே தெரியாது. என்னை நகர்த்திவிட்டு ஃபோன் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, லிவர் இல்ல. பாக்டீரியா. இட்லி மாவு புளிக்கும்ல? அந்த மாதிரி ஃபேக்டரில செய்றாங்க. நோ மாடு, மாமா."

இவ்வளவு தமிழை அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. அருள் சிரித்துவிட்டான். அன்றைக்கு அவன் சிரித்தது அது ஒன்றுதான். ஆனால் தலையை ஆட்டவில்லை.

"பாப்பா சொல்லுறது சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் சந்தேகம்னு ஒண்ணு இருக்குல்லாக்கா. அந்த வாக்கச் சொன்னதுக்குப் பொறவுதான் நான் கட்டில்ல இருந்து எந்திரிச்சேன். அத ஒடைச்சு, திரும்பவும் குடல் அடைச்சா? இன்னொருக்க வெட்டினா நான் தாங்கமாட்டேன். காலு போனா போகுது. உசுரு இருக்கும்லா."

"காலு போனா நீ என்னத்த வச்சிலே பொழைப்ப? செத்துத் தொல!" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

அப்புறம் சமையலறையில் நின்று அழுதேன். செத்துத் தொலை என்று யாரிடம் சொன்னேன்? செத்துப் பிழைத்தவனிடம். ரேச்சல் பின்னால் வந்து நின்று, "ஐயோ அம்மா," என்று மட்டும் சொன்னாள்.

6

ஸ்டெல்லா பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனுஷர். மருந்து ஒருநாளும் கவிச்சி ஆகாது, அவன் மனசு கேட்கவில்லை என்றால் அந்த நேர்ச்சையிலிருந்தே அவனை விடுவிக்க வழி உண்டு, வரச் சொல் என்றிருக்கிறார். அருள் போகவில்லை. "சாமி தங்கமானவரு. ஆனா நான் வாக்குக் குடுத்தது சாமிக்கு இல்லையே," என்றானாம். வாதத்தில் அவனை ஜெயிக்க முடியாது. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன், தேயிலை அரைத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள், இல்லத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் லயத்தில் நேர்ச்சையை யாரும் விடமாட்டார்கள், ஆனால் கைமாற்றிக்கொள்வார்கள். ஒருத்தரால் நிறைவேற்ற முடியாமல் போனால் கூடப் பிறந்தவரோ பெற்ற பிள்ளையோ அதை ஏற்றுக்கொள்ளலாம். அப்பா அந்தோணியார் கோயிலுக்கு மொட்டை நேர்ந்துவிட்டு, போடாமலே இறந்துபோனார். அந்த மொட்டையை அருள்தான் போட்டுக்கொண்டான். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அப்பாவின் வாக்கு நிறைவேறிவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

அங்கேயே நின்று ஃபோன் போட்டேன். ஸ்டெல்லா எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"ஏலே, அந்த நேர்ச்சைய எங்கிட்ட குடு."

"எந்த நேர்ச்சைய?"

"கவிச்சி நேர்ச்சைய. ஒனக்குப் பதில் நான் தின்னாம இருக்கேன். நீ ஊசியப் போடு. அது ஈரலா இருந்தா இருக்கட்டும், இட்லி மாவா இருந்தா இருக்கட்டும். வாக்கு என் தலைல."

 "ஒன்னால முடியாதுக்கா. நீ எலும்பக்கூட விடமாட்ட," என்றான்.

"அது என் பாடு."

"ஆயுசுக்கும்க்கா."

"தெரியும்லே. எத்தன தடவ சொல்லுவ?"

அழுதான். அவன் அழுதால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அங்கே அவன் மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டான். நான் விரிப்பு அறையில், சோப்பு வாசனைக்கு நடுவே, ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். "மாதாவே, நான் சொன்ன வாக்க எங்கக்கா கைல குடுக்கேன்," என்றான். "மாதாவே, என் தம்பி வாக்க நான் வாங்கிக்கிட்டேன். இனி அவன் மேல ஒரு கணக்கும் வேண்டாம். எதுவா இருந்தாலும் எங்கிட்ட கேளுங்க," என்றேன். உள்ளபடி சொன்னால் அந்த நேரத்தில் எனக்கு மாதாவின் மேலேயே கொஞ்சம் கோபம் இருந்தது. குரலில் அது தெரிந்திருக்கும்.

கதவைத் திறந்துகொண்டு எங்கள் மேற்பார்வையாளர் அம்மா உள்ளே வந்தார். விரிப்புக் குவியலுக்கு நடுவே நான் முழங்காலில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, வீட்டில் யார் தவறிப்போனார்கள் என்று கேட்டார். யாரும் தவறவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, தோளில் தட்டிக்கொடுத்தார்.

அன்றைக்கு மதியம் இல்லத்தில் ஆட்டுக்கறி ரோஸ்ட். பணியாட்களுக்கும் உண்டு. தட்டை நீட்டினார்கள். வாசனை மூக்கில் ஏறியது. "படுபாவி," என்று தம்பியைத் திட்டிக்கொண்டே உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டிஸ்பென்சரியில் ஸ்டெல்லா ஃபோனைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் அந்தச் சிவப்பு மருந்தை ஏற்றினாள். அருள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றான். வாய் முணுமுணுத்தது. என்ன ஜெபம் சொன்னான் என்று என் காதில் விழவில்லை.

7

மெடிக்கல் காலேஜுக்கும் போனார்கள். டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். ரத்தத்தில் இரும்பும் தரைமட்டம், மாத்திரை கொடுத்தால் அவன் குடல் தாங்காது என்று ட்ரிப்பில் ஏற்றினார்கள். எலும்புச் சத்தும் குறைவு, அதற்கும் மருந்து. சிவப்பு ஊசி முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. கால் திரும்புமா என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, "பார்ப்போம், நேரமாகும், முழுசாக வரும் என்று சொல்ல முடியாது," என்றாராம். அந்தப் பார்ப்போம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மாதக்கணக்கில் தூங்கி எழுந்தேன். ஃபேக்டரியில் அவனை மெஷினிலிருந்து மாற்றித் தேயிலை சலிக்கிற பக்கம் உட்காரவைத்திருக்கிறார்கள். குடிகாரன் என்று சொன்னவர்கள் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

இங்கே என் அட்டை இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. நான் இன்னும் மிஸஸ் சவரிமுத்துதான்.

வீட்டில் இப்போது ஒரே அடுப்பு, ஒரே சட்டி. இருந்த கருவாட்டையெல்லாம் ஷைனிக்குக் கொடுத்துவிட்டேன். பாலும் தயிரும் நான் விடவில்லை, அதில் மட்டும் ரேச்சலுக்குக் குறை. நான் கறியை விட்டதும் அவளுக்கு ஒரே ஆச்சரியம். நீயும் மிருகங்களுக்காகவா என்று கேட்டாள். "இல்ல, மாமாவுக்காக," என்றேன். யோசித்துவிட்டு, மாமாவும் ஒரு மிருகம்தானே, பரவாயில்லை என்றாள். இருவரும் சேர்ந்து பருப்புக் கறி வைக்கிறோம். என் பி ட்வெல்வ் மாத்திரையை அவளே எடுத்துவைத்து, போட்டாயிற்றா என்று அதட்டுகிறாள். நான் அருளை அதட்டுகிற அதே குரல்.

எனக்கு இந்த நேர்ச்சையில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஊசிதான் வேலை செய்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு பிறந்தநாள் விருந்தில் தெரியாமல் கோழி கலந்த சோற்றை வாயில் வைத்துவிட்டுப் பதறிப்போய்த் துப்பினேன். எங்கே அங்கே அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மூன்று தடவை வாயைக் கொப்பளித்தேன். அவனைக் கூறுகெட்டவன் என்று திட்டிய வாய்தான் இது.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தோம். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே, சலிக்கிற இடத்தில் தூசி அதிகம் என்று அலுத்துக்கொண்டிருந்தான். திடீரென்று, "அய்யோ அம்மா!" என்று ஒரு கத்தல். ஃபோன் கீழே விழுந்தது. எனக்குக் கூரை தெரிந்தது, ஸ்டெல்லா ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"ஏலே! அருளு! என்ன ஆச்சுலே?"

"கட்டில் கால்ல இடிச்சிட்டேங்கா. சுண்டு வெரலு. யப்பா, உசுரு போகுது!"

சொல்லிவிட்டு அவன் அப்படியே நிறுத்தினான்.  ஸ்டெல்லா ஃபோனை எடுத்து நிமிர்த்தினாள். அவன் தரையில் உட்கார்ந்து வலது கால் விரலைப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதாலே?"

"வலிக்குதுக்கா." குரல் உடைந்தது. "நெசமாவே வலிக்குதுக்கா."

ரேச்சல் ஓடி வந்து என்ன என்ன என்றாள். "மாமாவுக்கு வலிக்குதாம்!" என்று நான் சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே சொன்னதைப் பார்த்து அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"நல்லா வலிக்கட்டும்," என்றேன். "இடது காலையும் ஒருக்க இடிச்சுப் பாருலே."

எழுந்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு இடது காலை மெதுவாகக் கொண்டுபோய் இடித்தான். மரத்தில் படுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்தோம்.

"இதுல இன்னும் வரலக்கா," என்றான்.

"வரும்லே. நாளைக்கும் இடிச்சுப் பாரு."